பழைய இசைப்பெட்டி: திருப்புளியை எடுக்குமுன் விசையை இறக்குங்கள்

மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்த அம்மப்பா கொண்டுவந்த சுவிஸ் இசைப்பெட்டி எங்கள் அலுமாரிக்குள் பல வருடங்களாக ஊமையாகக் கிடந்தது. அதைப் பாட வைத்தவன் நான்தான். அதற்கு முன் அதன் சீப்பில் மூன்று பற்களை முறித்தவனும் நான்தான். ஊசி பதித்த உருளை சுழன்று உருக்குச் சீப்பின் பற்களை மீட்டும், திறப்பால் முடுக்கும் பெட்டிகளுக்கே இந்தக் குறிப்பு.

படி 1: விசையை இறக்குதல்

பெட்டி பாடவில்லை, ஆகவே விசை, அதாவது முடுக்கிய சுருள்வில்லின் இறுக்கம், தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் காற்றாடியின் அச்சில் பழைய எண்ணெய் பிசினாக இறுகி, விசை முழுவதும் உள்ளே அடைபட்டிருந்தது. காற்றாடியின் இரண்டாவது திருகாணி கழன்றதுதான் தாமதம், உருளை விர்ரென்று சுழன்று ஓய்ந்தது. மேசையில் மூன்று உருக்குத் துண்டுகள். இன்றும் அவை ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றன.

காற்றாடியின் இறகை ஈர்க்கு நுனியால் மெல்லத் தட்டுங்கள். சுழன்றால், பெட்டியைப் பாடி ஓய விடுங்கள். சுழலாவிட்டால், திறப்பைச் செருகி, முடுக்கும் திசையில் மயிரளவு திருப்பி இறுகப் பிடித்துக்கொண்டு, பற்சக்கரத்தில் படிந்திருக்கும் கொளுவியை மறுகையால் தூக்குங்கள். திறப்பு கைக்குள் பின்னோக்கித் திமிறும். அரைச்சுற்று விட்டதும் கொளுவியை விழவிட்டு, பிடியை மாற்றி, மீண்டும் தொடருங்கள். முடிவில் உருளையின் பெரிய சக்கரம் விரல் பட்டால் சற்றுத் தளர்ந்து ஆட வேண்டும். விறைத்து நின்றால் விசை இன்னும் இருக்கிறது. சுருள்வில் அடங்கிய பீப்பாயைத் திறக்கவே வேண்டாம். எல்லாம் இறங்கிய பின்னும் அதற்குள் கொஞ்சம் விசை எஞ்சியிருக்கும்.

படி 2: சீப்பு

ஊசி எதுவும் பல்லைத் தூக்கி நிற்காதபோதே சீப்பைக் கழற்றுங்கள். உருளையைப் பின்னோக்கிச் சுழற்றாதீர்கள். திருப்புளி விடயத்தில் நான் பிடிவாதக்காரன்: கடையில் வாங்கியதைச் சாணைக்கல்லில் தேய்த்து, திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தச் செய்த பிறகே தொடுவேன். சிறு பாகங்களைப் பிடிக்கத் தட்டார்களின் சாவணத்துக்கு நிகரில்லை. என்னுடையது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பட்டறை ஒன்றில் கிடைத்தது.

பற்களை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் துடையுங்கள். கட்டைச் சுரப் பற்களின் அடியில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது அரித்த ஈயம். சுரண்ட வேண்டாம், ஊதவும் வேண்டாம், அது நஞ்சு.

படி 3: எண்ணெய்

காற்றாடி அச்சுகளின் பிசினைச் சீவிய ஈர்க்கில் பெட்ரோல் தொட்டு எடுங்கள். பிறகு மணிக்கூட்டு எண்ணெய், குண்டூசித் தலையளவு. தேங்காய் எண்ணெய் விட்டால் அடுத்த மாரிக்குள் மறுபடியும் பிசின்தான். சீப்புக்கு எண்ணெய் வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: கழுவிய உருளையை முற்றத்து வெயிலில் காயவைக்கலாமா என்று இருவர் கேட்டார்கள். கூடாது. உருளையின் உட்புறம் குங்கிலியம் போன்ற பிசினால் நிரப்பப்பட்டிருக்கிறது. நமது வெயிலில் அது இளகி, ஊசிகளின் பிடி தளரும். ஸ்பிரிட்டும் அதைக் கரைக்கும். கழுவவே வேண்டாம்.

இன்னொருவரின் பெட்டி சில சுரங்களில் ‘கீச்’ என்கிறதாம். பல்லின் அடியில், அடுத்த ஊசி வருமுன் அதிர்வை அடக்க, மயிர் போன்ற உருக்குக் கம்பி ஒன்று உண்டு. அது வளைந்திருக்கும் அல்லது முறிந்திருக்கும். என் பெட்டியிலும் இரண்டு அப்படித்தான் இருக்கின்றன. அவற்றில் நான் கைவைக்கவில்லை.