உப்புக் காற்று வீசும் வீட்டில் பிரஷர் வாஷர்: முதன்முறை கையில் எடுப்பவர்களுக்கு

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தக் காற்று அடித்தாலும் உப்பு எங்கள் சுவரில்தான் வந்து படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றமெல்லாம் பாசி பிடிக்கும்; தை வெயிலில் அது கறுத்துத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அதைப் போக்கத்தான், தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் வாங்கினேன். அருமையான கருவி. ஆனால் அதனுடன் வந்த விளக்கத் தாளில் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் தண்ணீர்

முதல் தடவை கிணற்றுத் தண்ணீரில் ஓட்டினேன். கழுவி முடித்தபோது சிவப்புச் சிமெண்ட் திண்ணை பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் காய்ந்ததும், தண்ணீர் வழிந்த தடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. திண்ணைக்கு நேர்ந்தது இது என்றால், அதே தண்ணீர் தேங்கி நின்ற மெஷின் பம்பின் உள்ளே என்ன நேரும்? ஒரு வருடத்துக்குள் வால்வு அரித்துப் போய்விட்டது.

குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ மழைநீர்த் தொட்டித் தண்ணீரோதான் இதற்குச் சரி. 2003-இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய தொட்டி எங்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது. 'நல்ல தண்ணீரைத் தரையிலா ஊற்றுவது?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் பாருங்கள். வீட்டு மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் எடுக்கும். 20 நிமிடத்துக்கு 120 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 8 குடம். அதே நேரம் சாதாரண ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு போய்விடும். கிணற்றுத் தண்ணீரை விட்டால் வேறு வழியே இல்லை என்பவர்கள், இரண்டு குடம் நல்ல தண்ணீரை ஒதுக்கி வைத்து, கடைசியில் அதை மெஷினுக்குள் ஓடவிட்டுத் தரையையும் அலசிவிடுங்கள்.

சித்திரை மதியத்தில் மாடிமேல் இருக்கும் கறுப்புத் தொட்டியின் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும். வீட்டு மெஷின்கள் பலவற்றுக்கு 40 டிகிரிதான் எல்லை. காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மேலும், தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் கிடைப்பது 0.3 பார் அழுத்தம்தான். தண்ணீர் போதாமல் மெஷின் விட்டு விட்டு உறுமும். வாளியிலிருந்து தானே உறிஞ்சும் வகையாகப் பார்த்து வாங்குவது நமக்கு நல்லது.

உடம்புக்குப் பாதுகாப்பு

எர்த் உள்ள பிளக், மின்கசிவு வந்தால் கரண்டை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி ஈரத் தரையில் கிடக்கக் கூடாது. கால் முழுக்க மூடும் ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி. செருப்போடு நின்று கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தோலைத் துளைக்க 7 பார் அழுத்தமே போதும். இந்த மெஷின் 100 பாருக்கு மேல் பீய்ச்சுகிறது. காயம் ஊசி குத்தியதுபோல் சிறியதாகத் தெரியும், வலி கூட அதிகம் இருக்காது. ஆனால் அழுக்கும் கிருமியும் ஆழத்துக்குப் போயிருக்கும். மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எதனால் பட்ட காயம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஏணிமேல் நின்று பீய்ச்சுவதும் வேண்டாம். கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தியதும் பின்னால் உதைக்கும்.

இனி வேலை

தரையை நன்றாகக் கூட்டுங்கள். கிடக்கும் கடல் மணல் தெறித்தால் கண்ணும் ஜன்னல் கண்ணாடியும் பாழ். சுவரில் உப்புப் பூத்திருந்தால், நனைக்கும் முன்பே உலர்ந்த பிரஷால் தேய்த்துத் தட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீரை அடித்தால் உப்பு கரைந்து சுவருக்குள் இறங்கி, காய்ந்ததும் மறுபடி பூக்கும்.

குழாயைத் திறங்கள். மோட்டாரைப் போடாமல் விசையை அழுத்திப் பிடியுங்கள். காற்றுக் குமிழி எல்லாம் போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச்.

தண்ணீர் பாயும் முனைகளான நாசில்களில் சிவப்பு ஒரே கோடாகப் பாயும், அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மஞ்சளில் தண்ணீர் 15 டிகிரி கோணத்தில் விரியும், பச்சையில் 25, வெள்ளையில் 40. வெள்ளையைப் போட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று தொடங்குங்கள். போகாவிட்டால் மெல்ல நெருங்கி 30 வரை வரலாம். அதற்கும் போகாத சிமெண்ட் தரைக்குப் பச்சை. சற்றுச் சாய்த்துப் பிடித்து, கோலமாவு இழுப்பதுபோல் நிற்காமல் நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நின்றால் சிமெண்டின் மேல்பூச்சு பெயர்ந்து ஜல்லி தெரியும். அந்தச் சொரசொரப்பில்தான் அடுத்த மழைக்குப் பாசி முதலில் பிடிக்கும். காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஆடிக் கச்சான் காற்று வீசும் நாட்களில் மெஷினையே எடுக்காதீர்கள்.

தடித்த பாசிக்கு அழுத்தத்தைக் கூட்டுவதைவிட, ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளித்து, 10 நிமிடம் கழித்துத் தேய்ப்பது மேல். அதை மெஷினின் சோப்புப் புட்டியில் ஊற்றாதீர்கள். பாத்ரூம் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைக் கருக்கிவிடும்.

தொடக்கூடாதவை

நம் கரையில் பழைய கட்டடங்கள் சில பவழக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியவை. 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் நிற்கும் இடிந்த தேவாலயத்தின் சுவரில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். அப்படிப்பட்ட சுவர் உங்கள் வீட்டில் இருந்தால், மென்மையான பிரஷும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். பிரஷர் பட்டால் காரை மாவாக உதிர்ந்துவிடும். ஏ.சி.யின் வெளிப்பெட்டித் தகடுகள் மடங்கும். மொட்டை மாடித் தட்டோடுகளின் இணைப்பு பெயர்ந்தால் அடுத்த மழை கூரைக்குள் இறங்கும். இரும்புக் கேட்டில் அடிக்கலாம், ஆனால் பெயின்ட் பெயர்ந்த இடத்தைத் துடைத்து, காய்ந்ததும் அன்றே பிரைமர் பூசிவிடுங்கள். இங்கே துருவுக்கு ஓர் இரவே அதிகம்.

வேலை முடிந்ததும் மோட்டாரை அணைத்து, குழாயை மூடி, உள்ளே நிற்கும் அழுத்தம் வடியும்வரை விசையை அழுத்துங்கள். பிறகே பைப்பைக் கழற்றலாம். பித்தளை இணைப்புகளை ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மெஷினைத் துணியால் மூடி வீட்டுக்குள் வையுங்கள், திண்ணையில் விடாதீர்கள்.