அட்டையில் கிரீடம் இருந்தால் குழந்தைக் கதையா?

என் அண்ணன் மகளுக்கு எட்டு வயது. போன பிறந்தநாளுக்கு இளவரசி மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வாங்கித் தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். (அம்மா காதில் அது மாங்கா என்று விழுந்து, “உப்பு, மிளகாப்பொடி தொட்டுக்கவா?” என்று கேட்டது தனிக்கதை.) ஆன்லைனில் தேடினேன். தலைப்பில் ‘பிரின்சஸ்’ என்று இருந்த முதல் புத்தகத்தை ஆர்டர் போட்டேன். வந்தது ‘பிரின்சஸ் ஜெல்லிஃபிஷ்’. பரிசுத்தாள் சுற்றுவதற்கு முன்னால் சும்மா புரட்டிப் பார்த்தேனோ, பிழைத்தேன்.

அது டோக்கியோவில் ஒரு பழைய விடுதியில் ஒதுங்கி வாழும் பெண்களின் கதை. நாயகி ட்சுகிமிக்கு ஜெல்லிமீன் பைத்தியம். அவளோடு ஒட்டிக்கொள்பவன், ஓர் அரசியல்வாதியின் மகன், பெண் உடையில் திரிபவன். நிலத்தை வளைக்க வரும் ஒருத்தி, ஒரு ஆளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்கையில் போட்டோ எடுத்து மிரட்டுகிறாள். நல்ல கதை, நானே உட்கார்ந்து இரண்டு நாளில் படித்துத் தள்ளினேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு உரியதல்ல. ‘கிஸ்’ என்ற, வளர்ந்த பெண்களுக்கான இதழில் 2008இல் தொடங்கிய தொடர் அது. நான் பார்த்திருக்க வேண்டியது தலைப்பை அல்ல, அந்த இதழின் பெயரை.

ஜப்பானில் பெரும்பாலான மங்கா முதலில் இதழில் தொடராக வந்து, பிறகுதான் புத்தகமாகிறது. எந்த இதழ் யாருக்கு என்பதில் அங்கே குழப்பமே கிடையாது. ஆரம்பப் பள்ளிச் சிறுமிகளுக்கென்று மூன்று பெரிய இதழ்கள்: 1954இல் வந்த ‘நாகாயோஷி’, அடுத்த ஆண்டு வந்த ‘ரிபான்’, 1977இல் சேர்ந்துகொண்ட ‘சாவ்’. ‘மார்கரெட்’, ‘ஹனா டு யுமே’, ‘லாலா’ எல்லாம் அதைவிடக் கொஞ்சம் பெரிய பெண்களுக்கு. தொடரின் பெயரோடு சேர்த்து இதழின் பெயரைத் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். எட்டு வயதுக்கு நான் கடைசியில் வாங்கியது ‘கிலாலா பிரின்சஸ்’. நாகாயோஷியில் 2005இல் தொடங்கியது, ஐந்தே தொகுதி. டிஸ்னி இளவரசிகளின் உலகங்களுக்குள் ஒரு பள்ளிச் சிறுமி புகுந்து வரும் கதை. பெரிய இலக்கியம் என்று சொல்ல மாட்டேன். அவளுக்குப் பிடித்தது, போதும்.

இதழ் பெயரைப் பார்த்தாயிற்று என்று கண்ணை மூடிக்கொள்வது அடுத்த தவறு. ‘சேலர் மூன்’ நாகாயோஷியில்தான் வந்தது. அழுமூஞ்சிப் பள்ளிப் பெண் உசாகி, முற்பிறவியில் நிலா ராஜ்யத்து இளவரசி செரினிட்டி. அந்த முற்பிறவிக் கதையில், காதலன் இறந்ததும் இளவரசி வாளால் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். ‘உடேனா’ சாவ் இதழில் 1996இல் தொடங்கியது. இளவரசியாக அல்ல, இளவரசனாகவே ஆக ஆசைப்படும் பெண்ணின் கதை. அதன் டிவி வடிவம் 1997இல் வந்தது. ரோஜாக்களும் கோட்டையும் அப்படியே இருக்கும், ஆனால் அதற்குள் ஓடுவது வீட்டுக்குள் நடக்கும் கொடுமை. புத்தகம் பிடித்திருக்கிறதே என்று பிள்ளையை அப்படியே டிவி முன்னால் உட்கார வைத்துவிடக் கூடாது.

மறுபுறம், பையன்களின் இதழ் என்பதற்காகவே ஒன்றைத் தள்ளவும் வேண்டாம். ‘ஸ்லீப்பி பிரின்சஸ்’ வந்தது ‘ஷோனென் சண்டே’ இதழில், 2016இலிருந்து. அசுர ராஜா இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிறையில் வைக்கிறான். அவளுக்கு அழுகையும் இல்லை, தப்பிக்கும் யோசனையும் இல்லை. தலையணை சரியில்லை, தூக்கம் வரவில்லை, அதுதான் கவலை. காவலுக்கு நிற்கும் கரடிப்பொம்மை அசுரக்குட்டிகளுக்குச் சீவிவிட்டு, உதிரும் முடியைச் சேர்த்துத் தலையணை செய்துகொள்கிறாள். விரிப்புக்குத் துணி வேண்டுமென்றால் அங்கே அலையும் பேய்கள் கதி அதோகதி! நானும் அண்ணன் மகளும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்த புத்தகம் இதுதான்.

ஆங்கிலப் பதிப்புகளில் வயதுக் குறியும் இருக்கிறது. பின்னட்டையில் எங்காவது சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். பெரிய பதிப்பகம் ஒன்றின் வழக்கப்படி ‘ஏ’ என்றால் எல்லா வயதுக்கும், ‘டி’ 13 வயதுக்கு மேல், ‘டி பிளஸ்’ 16க்கு மேல், ‘எம்’ 18க்கு மேல். இதில் நம் ஊர்க் கண் ஏமாறும் இடம் முதல் எழுத்துதான். சினிமா சான்றிதழில் ‘ஏ’ என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். இங்கே நேர் எதிர்!

பழகிய தேவதைக் கதைதானே, முடிவு தெரிந்ததுதானே என்று நினைப்பதும் சிக்கலில் விடும். 1989 டிஸ்னி படத்தில் கடற்கன்னிக்குக் கல்யாணம் ஆகிறது. 1837இல் ஆண்டர்சன் எழுதிய கதையில் அவள் கடல் நுரையாகக் கரைகிறாள். ஜப்பானிய மங்காவில் அடிக்கடி தலைகாட்டுவது இந்த நுரைதான். ‘பிச்சி பிச்சி பிட்ச்’ தொடரில் ஏழு கடற்கன்னி இளவரசிகள் மேடைப் பாடகிகள் போலப் பாடியே எதிரிகளை விரட்டுகிறார்கள், வண்ணவண்ண உடை வேறு. ஆனால் தான் யாரென்று காதலனிடம் வாயால் சொன்னால் நுரையாகிவிடுவார்கள் என்ற பயம் கூடவே வருகிறது. கிரிம் சகோதரர்களின் கதைகளை எடுத்து ரத்தமும் பிணமுமாகத் திருப்பிப் போட்ட ‘லுட்விக்’ போன்றவையும் உண்டு. அதில் இளவரசனுக்குப் பிடித்ததே செத்த பெண்கள்தான். அட்டையில் சரிகையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இனி, நான் அதிகம் கேட்கும் புகார்: “இளவரசிக் கதை படித்தால் பெண் குழந்தை, ராஜகுமாரன் வருவான் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.” சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு புத்தகத்தைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள். ‘சிவப்புக் கூந்தல் ஸ்னோ ஒயிட்’ என்று ஒரு தொடர், 2006இல் தொடங்கியது. நாயகி ஷிராயுகி இளவரசியே அல்ல, மூலிகை விற்கும் பெண். அவள் முடியின் நிறத்துக்கு ஆசைப்பட்டு ஒரு இளவரசன் அவளை ஆசைநாயகியாக வரச் சொல்லி ஆள் அனுப்புகிறான். அவள் கூந்தலை வெட்டிப் போட்டுவிட்டு இரவோடு இரவாக எல்லை தாண்டிப் போகிறாள். விஷ ஆப்பிளும் வருகிறது, முதல் அத்தியாயத்திலேயே. கடிப்பது அவள் அல்ல, வழியில் சந்திக்கும் வேறொரு நாட்டு இளவரசன். பிறகு அந்த நாட்டு அரண்மனையிலேயே தேர்வு எழுதித்தான் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்கிறாள், சிபாரிசில் அல்ல. ‘யோனா’வில் தன் 16ஆம் பிறந்தநாளன்று தந்தை கொல்லப்படுவதைப் பார்க்கும் இளவரசி, தன் முடியைப் பிடித்தவனிடமிருந்து விடுபட வாளால் அதை அறுத்துக்கொள்கிறாள். இவை இரண்டும் 13 வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு.

இந்த மரபின் வேரே அப்படித்தான். ஒசாமு தெசுகா 1953இலிருந்து 1956 வரை ‘ஷோஜோ கிளப்’ இதழில் எழுதி வரைந்த ‘ரிபான் நோ கிஷி’யில் (ஆங்கிலத்தில் ‘பிரின்சஸ் நைட்’), பிறக்கப்போகும் குழந்தைக்கு டிங்க் என்ற குட்டித் தேவதூதன் விளையாட்டாக ஆண் இதயத்தைக் கொடுத்துவிடுகிறான். கடவுளோ பெண் இதயம் கொடுக்கிறார். அந்தக் குழந்தை, சஃபையர், இரண்டோடும் பிறக்கிறாள். நாட்டுச் சட்டப்படி ஆண்தான் அரியணை ஏறலாம் என்பதால் இளவரசனாக வளர்க்கப்படுகிறாள். தெசுகா வளர்ந்தது தகராசுகா ஊரில். ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்று நடிக்கும் நாடகக் குழு 1914 முதல் மேடையேறிவரும் ஊர் அது. வாளேந்திய அந்த இளவரசியின் நடையில் அந்த மேடை தெரிகிறது. “கண்ணெல்லாம் இவ்வளவு பெரிசா, வெள்ளைக்காரியைக் காப்பியடிச்சிருக்காங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோமே, அந்தக் கண்களுக்குள் தகராசுகா நடிகைகளின் மை தீட்டிய கண்ணும், ஜப்பானியச் சிறுமியர் இதழ்களின் பழைய ஓவிய மரபும் இருக்கின்றன.

பழைய கதை என்பதால் பழைய எண்ணமும் உண்டு. ஆண் இதயத்தைத் திருப்பி எடுத்துவிட்டால் வாள் பிடிக்கும் வலுவும் போய்விடும் என்கிறது கதை. இதைத் தவிர்க்க வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் போதும். கதையை வாய்வழியாகச் சொன்னபோது அண்ணன் மகள் கேட்டாள், “ரெண்டும் அவகிட்டயே இருக்கட்டுமே அத்தை, எதுக்குத் திருப்பி வாங்கணும்?”

படிக்கும் திசைக்கு வருவோம். மங்கா வலமிருந்து இடம். நமக்குக் கடைசி அட்டையாகத் தெரிவதுதான் முதல் அட்டை. இடப்பக்கம் திறந்தால், தப்பான பக்கம் வந்துவிட்டாய் என்று எச்சரிக்கும் ஒரு பக்கத்தைப் பல பதிப்புகளில் போட்டிருப்பார்கள். பழைய ஆங்கிலப் பதிப்புகள் சிலவற்றில் படத்தையே கண்ணாடிபோலத் திருப்பி அச்சிட்டார்கள். வலக்கை வாள் இடக்கைக்குப் போனது மட்டுமல்ல, கிமோனோவின் மடிப்பும் மாறியது. ஜப்பானில் உயிரோடிருப்பவர்கள் இடப்பக்கத் துணி மேலே வரும்படி உடுத்துவார்கள், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு. பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது கவனியுங்கள். கட்டங்களிலும் அவசரம் வேண்டாம். ஷோஜோ மங்காவில் (சிறுமிகளுக்கான மங்கா) கோடு தாண்டிப் பூக்கள் வழியும், பேச்சு பலூனுக்கு வெளியே சிதறிக் கிடக்கும் வரிகள் நாயகியின் மனத்துக்குள் ஓடுபவை. அவற்றைத் தாண்டிப் போனால் பாதிக் கதை போச்சு.

காசுக் கணக்கையும் பாருங்கள். இருபது தொகுதியைத் தாண்டும் தொடரில் குழந்தையை இறக்கிவிட்டுப் பாதியில் நிறுத்தினால் வீட்டில் ரகளை. இலவசமாகக் கிடைக்கிறதே என்று திருட்டு ஸ்கேன் தளங்களைத் திறந்து கையில் கொடுப்பது அதைவிட மோசம். பக்கத்துக்குப் பக்கம் வந்து விழும் விளம்பரங்களை நாமே பார்க்கக் கூசும்.

இப்போது அண்ணன் மகள் தன் நோட்டில் சொந்தமாக ஒரு இளவரசி வரைகிறாள். கட்டங்கள் வலமிருந்து இடம் ஓடுகின்றன, அதற்குள் தமிழ் எழுத்து இடமிருந்து வலம். இளவரசிக்கு இரட்டைப் பின்னல், கையில் வாள், ஒரு ஓரத்தில் பாதி கடித்த மாங்கா.