செங்கோட்டையில் மூடிய கடையும் எனாமல் பலகைகளும்

செங்கோட்டை பஜாரில் பழைய சூப்பர் மார்க்கெட் ஒன்றை மூடினார்கள். பலகைகளெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்தன. அண்ணாச்சியிடம் கேட்டேன். "உடையாம கழட்ட முடிஞ்சா எடுத்துக்கோங்க தம்பி" என்றார்.

எனக்கு முக்கியம் அங்கிருந்த எனாமல் தேயிலை விளம்பரப் பலகை. தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுத்து. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் மலையாளம் வழங்கிய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. தகடு வளைந்தால் தெறித்துவிடும். தெறித்த இடத்தில் துரு ஏறும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் வேறு! அதனால் நெம்பவே கூடாது. துருப்பிடித்த திருகுகளில் துருவை இளக்கும் டபிள்யூடி-40 எண்ணெய் அடித்து இரவு முழுக்க ஊறவிட்டேன். மறுநாள் திருப்புளியை வைத்து லேசாகத் தட்டித் திருப்பியதும் கழன்றன. அசையாத திருகின் தலையை மட்டும் துளைபோட்டு எடுத்தேன்.

சுத்தம் செய்யச் சோப்புத் தண்ணீர், மென்மையான துணி போதும். கம்பி நார் பளபளப்பைக் கீறிவிடும். துருவுக்குப் பஞ்சில் வினிகர் தொட்டு அந்த இடத்தில் மட்டும் ஒற்றினேன். அமிலம் எனாமலையும் மங்கவைக்கும் என்பதால் உடனே கழுவித் துடைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு கார் மெழுகு. பெயர்ந்த இடங்களுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை, அந்த வடுக்கள் பலகையின் வயதல்லவா?

மரப்பலகையில் கையால் எழுதிய 'அரிசி, பருப்பு' போர்டுக்கு ஈரத்துணி மட்டும்தான். அப்புறம், மாட்டும்போது பின்னால் சிறு மரக்கட்டை வைத்துச் சுவரிலிருந்து தள்ளியே மாட்டுங்கள். சுவர் ஈரம் ஏறாது.