பணப் பரிமாற்ற சர்வ்லெட்: ஒரே தொகை இருமுறை போகாமல் எழுதுவது எப்படி?

சர்வ்லெட் என்பது சர்வரில் ஓடி, பிரவுசரின் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ். பரிமாற்றக் கோரிக்கையை அதன் டூபோஸ்ட் (doPost) மெத்தடில் மட்டும் கையாளுங்கள். டூகெட்டில் (doGet) வைத்தால் தொகையும் கணக்கு எண்ணும் இணைய முகவரியின் (URL) பகுதியாகி, சர்வர் லாகிலும் பிரவுசர் வரலாற்றிலும் தங்கிவிடும்.

சர்வ்லெட்களை இயக்கும் டாம்கேட் (Tomcat) சர்வர் வழக்கமாக ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரே ஆப்ஜெக்டைத்தான் உருவாக்கும். எல்லா வாடிக்கையாளர்களின் த்ரெட்களும் (கோரிக்கைகளை ஒரே நேரத்தில் இணையாகக் கவனிக்கும் ஓட்டங்கள்) அதற்குள்தான் ஓடும். கணக்கு எண்ணை கிளாஸ் அளவிலான மாறியில் வைத்தால் ஒருவருடைய எண் இன்னொருவருடைய பரிமாற்றத்தில் புகுந்துவிடலாம். தனியாகச் சோதிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது, அதனால்தான் இது அபாயமானது. எல்லா மாறிகளும் மெத்தடுக்குள்ளேயே இருக்கட்டும்.

தொகைக்கு டபுள் (double, தசம எண்களைத் தோராயமாக வைக்கும் வகை) வேண்டவே வேண்டாம், 0.1 + 0.2 என்றால் 0.30000000000000004 வரும். கோரிக்கையில் வந்த ஸ்ட்ரிங்கிலிருந்தே பிக்டெசிமல் (BigDecimal, தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் வகை) உருவாக்கி, பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்புபவரின் கணக்கு, உள்நுழைந்தவருக்கு உரியதுதானா என்பதை செஷனை (உள்நுழைந்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் தகவலை) வைத்துச் சரிபாருங்கள். படிவத்தில் மறைத்து வைத்த எண்ணை யாரும் மாற்றிவிடலாம்.

இனி இரட்டைக் கிளிக்: பொத்தானை இருமுறை அழுத்தினால் ஒரே கோரிக்கை இருமுறை வரும். படிவத்தைக் காட்டும்போதே ஒரு தனித்த டோக்கனை (அந்தப் படிவத்துக்கு மட்டுமான அடையாளக் குறியீட்டை) சேர்த்து அனுப்புங்கள். அது திரும்பி வந்ததும்:

1. ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளம் தானாகவே உறுதிசெய்வதை) நிறுத்துங்கள்.
2. யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வர விடாத விதி) உள்ள அட்டவணையில் டோக்கனை எழுதுங்கள். ஏற்கெனவே இருந்தால் பிழை வரும்; ரோல்பேக் செய்து (செய்த மாற்றங்களை எல்லாம் திரும்பப் பெற்று) பழைய முடிவையே காட்டுங்கள்.
3. ‘இருப்பு தொகைக்குக் குறையாமல் இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையை அப்டேட் வரியிலேயே வைத்துக் கழியுங்கள். அட்டவணையில் ஒரு வரிசைகூட (row) மாறாவிட்டால் ரோல்பேக்.
4. பெறுபவர் கணக்கில் கூட்டுங்கள். 1 வரிசை மாறியதை உறுதிசெய்து கமிட் செய்யுங்கள் (எல்லா மாற்றங்களையும் நிரந்தரமாக்குங்கள்).

இருப்பைத் தனியாகப் படித்து, பிறகு கழித்தால் இடைவெளியில் வேறொரு த்ரெட் அதே பணத்தை எடுத்துவிடலாம்.

கடைசியில் 303 பதிலுடன் (வேறு பக்கத்துக்குப் போகும்படி பிரவுசருக்குச் சொல்லும் குறியீடு) ரசீதுப் பக்கத்துக்குத் திருப்புங்கள். ரீஃப்ரெஷ் செய்தாலும் படிவம் மறுபடி போகாது.