தெருவில் தேங்கும் தண்ணீருக்கு வரைபடத்தோடு மனு: பெங்களூர் குடியிருப்போருக்கு

தெருவில் மழைத்தண்ணீர் நின்றால் நம் வார்டு என்ஜினியரிடம் போய் நிற்கிறோம். பல நேரம் தண்ணீரோ மேட்டிலிருக்கும் வேறு வார்டில் பெய்த மழை. அது எந்த வழியாக வருகிறது என்பதை இயற்கை அமைப்பு வரைபடம் காட்டும். அந்த வழியில் யார் பொறுப்பு என்பதற்கு வார்டு, மாநகராட்சி எல்லைகள் போட்ட அரசியல் வரைபடம் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து எழுதும் மனு அலையத்தான் வைக்கும்.

இயற்கை அமைப்பு வரைபடத்துக்கு, மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவுத் தாளை அதன் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளுங்கள். பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை. கோடு 'வி' போல வளைந்து, முனை உயரமான பக்கம் பார்த்தால் அது தண்ணீர் இறங்கும் பள்ளம். தாழ்ந்த பக்கம் பார்த்தால் மேடு. பள்ளங்களை நீலப் பென்சிலால் இணைத்து, உங்கள் தெரு எந்தப் பள்ளத்தாக்கில் வருகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் தண்ணீர் மேற்கே அர்க்காவதி ஆற்றுக்குப் போகிறது. ஹெப்பாள், கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குகளின் தண்ணீர் தென்பெண்ணைக்கு. அல்சூர் ஏரி வழிந்தால் அந்தத் தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் தாண்டி ஓசூர் கெலவரப்பள்ளி அணைவரை போகிற பாதையில்தான் இறங்குகிறது.

ஆனால் அந்தத் தாளில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வித்தியாசம். தெருவை மூழ்கடிக்கும் அரை மீட்டர் பள்ளம் அதில் தெரியாது. பெரிதாக்கி அச்சடித்தாலும் தெரியாது. போன் காட்டும் உயரமும் பல மீட்டர் தப்பும், அதை நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே தெரியும் 20 மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் சாலையில் நிறுத்திய அளவுகோல்களோடு சேர்த்துப் பிடியுங்கள். ஒரு முனையில் 92 செ.மீ., மறுமுனையில் 117 செ.மீ. என்றால் மறுமுனைத் தரை 25 செ.மீ. தாழ்வு. உள்ளே காற்றுக் குமிழி இருந்தாலோ, வாயை விரலால் மூடியிருந்தாலோ அளவு பொய்யாகிவிடும். ஒரு கல்வெர்ட்டில் (சாக்கடைமேல் உள்ள சிறுபாலம்) தொடங்கி தெருவைச் சுற்றி அதே கல்வெர்ட்டுக்கு வந்து முடியுங்கள். ஏற்ற இறக்கத்தைக் கூட்டினால் பூஜ்ஜியம் வரவேண்டும். மூன்று செ.மீ.க்கு மேல் தப்பினால் திரும்ப அளக்க வேண்டியதுதான்.

அரசியல் வரைபடத்தில் தேதியைப் பாருங்கள். 2025இல் பழைய ஒரே மாநகராட்சியான பிபிஎம்பி போய் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன்கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. 198 வார்டு காலத்துப் படம் இனி உதவாது. எல்லை பெரும்பாலும் சாலை அல்லது கால்வாய் ஓரமாகவே ஓடும். அதைத் தடித்த மார்க்கரால் வரையாதீர்கள்: 1:5,000 படத்தில் 2 மி.மீ. கோடு தரையில் 10 மீட்டரை விழுங்கும், எதிரெதிர் வீடுகள் எந்த வார்டு என்றே சொல்ல முடியாது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து தெருக்களை எடுத்து ஏ3 தாளில் 1:5,000 அளவில் அச்சடித்தால் சுமார் 2 கி.மீ.க்கு 1.5 கி.மீ. அடங்கும். 'தாளுக்குப் பொருத்து' என்று கொடுத்தால் அளவு கெட்டுவிடும். அச்சான தாளில் 10 செ.மீ. தரையில் 500 மீட்டர்தானா என்று அளவுப்பட்டையில் சரிபாருங்கள். வார்டு எல்லையை டிரேசிங் ஷீட்டில் வரைந்து, ஒரே நேர்கோட்டில் விழாத மூன்று சந்திப்புகளைப் பொருத்தி மேலே வையுங்கள்.

அடுத்து, தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் அளந்து தேதியோடு குறியுங்கள். தரைத்தள வீட்டுப் பெண்களையும் பூக்கடை, தள்ளுவண்டிக்காரர்களையும் அவசியம் கேளுங்கள். எந்தப் பக்கமிருந்து முதலில் ஏறுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பழைய ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) எங்கே போனது என்பதற்கு கர்நாடக அரசின் நில அளவைச் செயலியான திஷாங்க்கில் சர்வே எண்ணையும் கிராம வரைபடத்தையும் பார்க்கலாம். அதன்மேல் வீடு தெரிந்தால் ஆக்கிரமிப்பு என்று நீங்களே எழுதிவிடாதீர்கள், அண்டை வீட்டாரோடு பகைதான் மிஞ்சும். 'சர்வேயர் அளக்க வேண்டும்' என்று மட்டும் குறியுங்கள்.

மனுவோடு வைக்கும் படத்தில் தண்ணீர் நிற்கும் இடம், அடைப்பு அல்லது குறுகல் உள்ள இடம், இடையில் வரும் எல்லை மூன்றும் இருக்கட்டும். சாலையோரச் சாக்கடை வார்டு என்ஜினியருக்கு, ராஜகாலுவே மழைநீர்க் கால்வாய்ப் பிரிவுக்கு, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துக்கு. வழி இரண்டு வார்டைத் தொட்டால் இரண்டுக்கும் ஒரே படத்தைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒப்புகை முத்திரை வாங்குங்கள்.