சென்னை புழுக்கத்துல சைக்கிள்ல வேலைக்குப் போறவங்க தண்ணி குடிக்க வேண்டிய விதம்

திருவான்மியூர்ல இருந்து சோழிங்கநல்லூர், அண்ணா நகர்ல இருந்து கிண்டி, தாம்பரத்துல இருந்து வேளச்சேரின்னு தினமும் ஒரு 8-ல இருந்து 15 கிலோமீட்டர் மிதிச்சு வேலைக்குப் போறவங்களுக்காக இதை எழுதுறேன். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் போயிட்டு வர்றவங்க கணக்கு வேற, அவங்க மணிக்கணக்கா ஓட்டுறாங்க. நம்மளுது ஒரு தடவைக்கு 40 நிமிஷம், மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம். புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேக்குறது எந்த பாட்டில் வாங்கலாம், எத்தனை லிட்டர் வாங்கலாம்ங்கறதுதான், ஆனா சைக்கிள்ல மாட்டுற பாட்டிலுக்கு இதுல சின்னப் பங்குதான் இருக்கு. காலைல ஏறுறதுக்கு முன்னாடி என்ன குடிச்சீங்க, ஆஃபீஸ்ல ஏசில உக்காந்திருந்த நேரம் பூரா என்ன குடிச்சீங்க, இதை வச்சுதான் சாயங்காலம் வீடு வந்து சேரும்போது தலைவலியோட வர்றீங்களா தெம்பா வர்றீங்களான்னு முடிவாகுது.

சென்னைல ஏன் இவ்வளவு கவனம் வேணும்னா, இங்க வெயில விட புழுக்கம்தான் ஆளை சாய்க்கும். வேர்வை காஞ்சாதான் உடம்பு குளிரும். கடல் பக்கத்துல காத்துலயே ஈரம் நிறைய இருக்கறதால வேர்வை காயாம வழிஞ்சு கீழ போயிடுது, உடம்பு குளிரல, குளிரலங்கறதால இன்னும் வேர்க்குது. மே 4 சுமாருக்கு கத்திரி ஆரம்பிக்கும்போது மத்தியானம் 40 டிகிரி வந்தா எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா நாம ஓட்டுறது மத்தியானம் இல்ல, காலைல 8 மணி, சாயங்காலம் 6 மணி. காலைல காத்துல ஈரம் அதிகம். சாயங்காலம் கடல்காத்து உள்ள வந்திருக்கும், வெப்பம் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனா அதோட ஈரத்தையும் கொண்டுவந்திருக்கும். ஓட்டும்போது முகத்துல காத்து அடிக்கறதால எவ்வளவு வேர்க்குதுன்னு தெரியவே தெரியாது, டைடல் பார்க் சிக்னல்ல நின்னீங்கன்னா ஹெல்மெட்டுக்குள்ள இருந்து கொட்டுறப்பதான் தெரியும்.

சரி, உங்களுக்கு எவ்வளவு வேர்க்குதுன்னு எப்படி தெரிஞ்சுக்கறது? இது ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும், மணிக்கு அரை லிட்டர் வேர்க்கறவங்களும் இருக்காங்க, ஒன்றரை லிட்டர் வேர்க்கறவங்களும் இருக்காங்க. அதனால நாளைக்கு 3 லிட்டர், 4 லிட்டர்னு யாரோ சொல்ற நம்பரை வச்சுக்கிட்டு திண்டாட வேண்டாம், எடை மெஷின் ஒண்ணு இருந்தா போதும். லீவு நாள்ல உங்க வழக்கமான தூரத்தை வழக்கமான வேகத்துல ஓட்டுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு போயிட்டு, முடிஞ்ச வரைக்கும் துணி கம்மியா போட்டு எடை பாருங்க. திரும்பி வந்ததும் உடம்பைத் துடைச்சுட்டு அதே மாதிரி மறுபடி பாருங்க. குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு லிட்டர் தண்ணி போயிருக்குன்னு அர்த்தம், நடுவுல ஏதாவது குடிச்சிருந்தா அதையும் கூட்டிக்கோங்க. 65 கிலோ உள்ளவர் 700 கிராம் குறைஞ்சிருந்தார்னா அது சாதாரணம். உடம்பு எடைல 2 சதவீதம், அதாவது அவருக்கு 1.3 கிலோ வரைக்கும் இறங்குச்சுன்னா கால் கனக்கும், கவனம் சிதறும், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல ஓட்டுறவங்களுக்கு அது நல்லதில்ல. இந்த அளவை மார்ச்ல ஒரு தடவை, மே மாசத்துல ஒரு தடவை எடுத்துட்டா உங்க உடம்புக்கான கணக்கு கைல வந்துடும்.

காலைல எழுந்திருக்கும்போதே உடம்பு கொஞ்சம் வறண்டுதான் இருக்கும், ராத்திரி ஃபேன் காத்துல வேர்த்து காஞ்சிருக்கும். எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர், கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கும்போது இன்னொரு டம்ளர், மொத்தமா ஒரு அரை லிட்டர். செருப்பு மாட்டிக்கிட்டே அரை லிட்டரை மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு ஏறாதீங்க, வயிறு குலுங்கும், மத்திய கைலாஷ் தாண்டுறதுக்குள்ள ஒண்ணுக்கு முட்டும். காபி டீ தண்ணியை உறிஞ்சிடும்னு ஒரு பயம் இருக்கு, வழக்கமா ஒரு டம்ளர் ரெண்டு டம்ளர் குடிக்கறவங்களுக்கு அப்படி எதுவும் பெருசா ஆகாது, தாராளமா குடிங்க, ஆனா காபியை மட்டும் குடிச்சுட்டு கிளம்பாதீங்க. வீட்ல பழைய சோறு இருந்துச்சுன்னா அந்த நீராகாரத்துல உப்பு போட்டு, கொஞ்சம் மோர் ஊத்தி ஒரு சொம்பு குடிச்சுட்டு கிளம்புறதுக்கு ஈடா கடைல விக்கிற எந்த டிரிங்கையும் நான் சொல்ல மாட்டேன். தண்ணி, உப்பு, கொஞ்சம் மாவுச்சத்து மூணும் அதுலயே இருக்கு.

வழில குடிக்கறதப் பத்தி. அரை மணி நேரத்துக்குள்ள போயிடுவீங்கன்னா வழில குடிக்கணும்னு கட்டாயமே இல்ல, பாட்டில் கைல இருந்தா போதும். அதுக்கு மேலன்னா 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மூணு வாய். ஓடுற வண்டில ஒரு கையை விட்டுட்டு குடிக்காதீங்க, ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்குற இடத்துல பள்ளமும் தகரத் தடுப்பும் எங்க திடீர்னு வரும்னு சொல்ல முடியாது. சிவப்பு சிக்னல்தான் நம்ம தண்ணிப் பந்தல், காலை ஊனிட்டு நிம்மதியா குடிங்க.

பாட்டில்னு பாத்தா, கியர் சைக்கிள்ல ஃபிரேம்லயே ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை இருக்கும், அதுல கேஜ், அதாவது பாட்டிலைப் பிடிச்சு நிறுத்துற கூடு, மாட்டி 750 மில்லி பாட்டில் வைக்கலாம். பழைய ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ மாதிரி சாதா சைக்கிள்ல அந்த ஓட்டை இருக்காது, ஹேண்டில்பார்ல கிளாம்ப் போட்டு மாட்டுற கேஜ் கிடைக்குது, இல்லன்னா முன்னாடி கூடைல துணி சுத்தி வச்சுக்கலாம். கேரியர்ல பைக்குள்ள வச்சா குடிக்கவே மாட்டீங்க, இறங்கி ஜிப்பைத் திறந்து எடுக்க யாருக்கும் பொறுமை வராது. ராத்திரி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல சாய்ச்சு வச்சுட்டு காலைல மீதியை நிரப்பிட்டா ஒரு மணி நேரம் ஜில்லுன்னு இருக்கும், வெதுவெதுன்னு இருக்குற தண்ணிய விட ஜில்லுன்னு இருக்குறதை நாமளே அதிகமா குடிப்போம். செம்பு பாட்டில் வச்சிருக்கவங்க அதுல எலுமிச்சை, மோர் எதுவும் ஊத்தாதீங்க, புளிப்பு பட்டா செம்பு கரையும்.

ஆஃபீஸ் போய்ச் சேர்ந்ததும் அடுத்த 10, 15 நிமிஷம் வேர்வை நிக்காது, ஓட்டும்போது இருந்த காத்தும் இல்ல. அந்த நேரத்துல ஃபேனுக்குக் கீழ நின்னு அரை லிட்டர் மெதுவா குடிங்க, அப்புறம் சட்டை மாத்துங்க. இதுவரைக்கும் எல்லாரும் ஒழுங்காத்தான் பண்றாங்க. கோட்டை விடுறது இதுக்கப்புறம்தான்.

ஏசி ரூம்ல தாகம் மந்தமாயிடும். ரெண்டு மீட்டிங், ஒரு சாப்பாடு, நாலு டீ, அப்படியே 6 மணி ஆயிடும், காலைல வேர்த்ததோட கணக்கு தீராம அடுத்த சவாரிக்கு ஏறுறோம். சாயங்கால சவாரில தலை பாரமா இருக்குன்னு சொல்றவங்க கிட்ட மத்தியானம் என்ன குடிச்சீங்கன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது. ஒரு லிட்டர் பாட்டிலை மேஜை மேல கண்ணுக்கு எதிர்ல வைங்க, மத்தியான சாப்பாட்டுக்குள்ள ஒண்ணு காலி, 5 மணிக்குள்ள இன்னொரு அரை. சாப்பாட்டுல ரசம், மோர் வந்தா விடாதீங்க, அதுவும் கணக்குல சேரும். ஒண்ணுக்கு போறப்ப நிறத்தைப் பாருங்க, வெளிர் மஞ்சள்னா சரி, கரும்மஞ்சளா கொஞ்சமா போச்சுன்னா தண்ணி பத்தல. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடுறவங்களுக்கு மட்டும் எப்படி இருந்தாலும் பளீர் மஞ்சளாத்தான் வரும், அதைப் பாத்துக் குழம்ப வேண்டாம்.

பெண்கள் நிறைய பேர் வழில பாத்ரூம் கிடைக்காதுன்னே காலைல இருந்து தண்ணி குடிக்காம ஓட்டுறாங்க. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். ஊர்ல கழிவறை இல்லாத தப்புக்கு அவங்க உடம்பு நீர்க்கடுப்புலயும் யூரின் இன்ஃபெக்‌ஷன்லயும் கிடந்து வாடுது. தண்ணிய நிறுத்தாதீங்க, நேரத்தை மாத்துங்க. எழுந்த உடனே குடிச்சுட்டா கிளம்புறதுக்குள்ள ஒரு தடவை போயிடலாம், சாயங்காலமும் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி குடிச்சு முடிச்சுட்டு, போயிட்டு ஏறுங்க, வழில வாய் நனைக்குற அளவு மட்டும். பெட்ரோல் பங்க்ல கழிவறையும் குடிதண்ணியும் இலவசமா கொடுக்கணும்ங்கறது விதி, பெட்ரோல் போடலன்னாலும் கேக்கலாம், தயங்க வேண்டாம். உங்க வழில சுத்தமா இருக்குற ரெண்டு இடத்தை முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.

இப்ப உப்பு. வேர்வைல தண்ணியோட சோடியமும் போகுது. சட்டை முதுகுலயும் ஹெல்மெட் வார்லயும் வெள்ளையா கோடு படிஞ்சிருந்தா உங்க வேர்வைல உப்பு ஜாஸ்தி. அப்படிப்பட்டவங்க வெறும் தண்ணிய லிட்டர் லிட்டரா குடிச்சுட்டே இருந்தா ரத்தத்துல இருக்குற சோடியம் நீர்த்துப் போகும், தலைவலி, குமட்டல் வரும், ரொம்ப அதிகமானா மயக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். நம்ம தூரத்துக்கு அது அரிதுதான், சாப்பாட்டுலயே உப்பு வந்துடும், ஆனா கத்திரில ரெண்டு வேளையும் ஓட்டுறவங்க ஒரு வேளையாவது உப்பு சேர்ந்ததா குடிங்க. 750 மில்லிக்கு மூணு விரல்ல அள்ளுற ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். சர்க்கரை எதுக்குன்னா, குடல்ல குளுக்கோஸும் சோடியமும் ஒண்ணா சேர்ந்து உள்ள போகும்போது தண்ணியும் அதோட சேர்ந்து போகுது. வயித்துப்போக்குக்குக் கொடுக்குற உப்பு சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் வேலை செய்யறதும் இதனாலதான். 1971-ல வங்கதேசப் போர் நேரத்துல மேற்கு வங்காளத்துல எல்லையோரம் இருக்குற பாங்கான் அகதி முகாம்ல காலரா பரவினப்ப, டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரைக் கரைசலைத்தான் வாய் வழியா கொடுக்க வச்சு ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாத்தினார்.

ஆனா தினமும் ஓஆர்எஸ் பாக்கெட் கரைச்சுக் குடிக்கணும்னு அவசியம் இல்ல, அது வயித்துப்போக்குக்கும் ரொம்ப துவண்டு போனப்பவும்தான். வாங்கினா மெடிக்கல்ல டபிள்யூஹெச்ஓ ஃபார்முலான்னு போட்டிருக்குற பொடியைக் கேட்டு வாங்கி, பாக்கெட்ல போட்டிருக்குற அளவு தண்ணில கரைங்க. டெட்ரா பேக்ல அதே பேரைப் போட்டு வித்துட்டு இருந்த இனிப்பு ஜூஸ் வேற, அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லிடுச்சு. இளநீர் அருமையானது, ஆனா அதுல பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் கம்மி, அதனால கூட நாலு உப்புக் கடலை சாப்பிட்டா கணக்கு சரியாகும். நீர்மோர்ல உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை போட்டு ஆஃபீஸ் போனதும் குடிக்கலாம், ஆனா மூடின பாட்டில்ல ஊத்தி வெயில்ல எடுத்துட்டுப் போகாதீங்க, புளிச்சு கேஸ் கட்டி மூடியைத் திறக்கும்போது பீச்சி அடிக்கும். கம்பங்கூழ் வண்டி வழில இருந்தா சாயங்காலத்துக்கு அதை விட நல்லது இல்ல. ரோட்டோர ஜூஸ்ல ஐஸ் மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க, அது எந்தத் தண்ணியோ.

வழில நிரப்பிக்கறதுக்கும் இப்ப இடம் இருக்கு. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல தண்ணி பாக்கெட்டுக்குத் தடை, அதனால பாட்டில் இல்லாம கிளம்பினா கடைல புது பாட்டில்தான் வாங்கணும். 2025 ஜூன்ல மெட்ரோ வாட்டர் சென்னைல 50 இடத்துல இலவச குடிநீர் ஏடிஎம் வச்சாங்க, 150 மில்லியும் பிடிக்கலாம், ஒரு லிட்டரும் பிடிக்கலாம். கோடைல தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தலும் இருக்கும்.

பிபிக்கு நீர் மாத்திரை எடுக்கறவங்க, கிட்னி, இதய பிரச்சனை உள்ளவங்க மேல சொன்ன அளவு எதையும் அப்படியே எடுத்துக்காதீங்க, உப்பும் இளநீரும் அவங்களுக்கு ஒத்துக்காம போகலாம், டாக்டர் சொல்ற அளவுதான். சுகர் இருக்கவங்க சர்க்கரைக்கு பதிலா மோர் பக்கம் போங்க.

ஓட்டும்போது தலை சுத்துது, கண்ணு இருட்டுது, தொடை சுருக்குப் பிடிக்குது, வெயில்லயே மயிர்க்கூச்செறியுதுன்னா இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு மிதிக்காதீங்க, நிழல்ல இறங்கி உக்காருங்க, தலைலயும் கழுத்துலயும் தண்ணி ஊத்துங்க, உப்பு சேர்ந்ததா சிப் சிப்பா குடிங்க, மீதி தூரத்தை ஆட்டோவுல போங்க. கூட ஓட்டுறவர் பேச்சு குழறினா, சம்பந்தம் இல்லாம பேசினா, உடம்பு நெருப்பா கொதிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக், உடனே 108-க்கு போன் பண்ணிட்டு உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க, நினைவு சரியா இல்லாதவர் வாய்ல மட்டும் தண்ணி ஊத்தாதீங்க, புரை ஏறிடும்.

கடைசியா பாட்டில் கழுவறது. சர்க்கரை, எலுமிச்சை போட்ட பாட்டிலை அன்னிக்கு ராத்திரியே கழுவுங்க, ஒரு நாள் விட்டாலே வாய் பக்கம் வழவழன்னு பிடிச்சுடும். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவும் வெந்நீரும் ஊத்தி ராத்திரி பூரா ஊற வச்சு, உறிஞ்சுற மூக்கையும் ரப்பர் வாஷரையும் தனியா கழட்டி பழைய டூத் பிரஷால தேய்ச்சு, மூடி போடாம கவுத்து காய வைங்க.