பல் இம்ப்ளான்ட்: மரத்துப்போகும் ஊசி போதுமா, மயக்கம் தேவையா?

பல் போன இடத்தில் தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்தான் இம்ப்ளான்ட். ஒன்றிரண்டு இம்ப்ளான்ட்டுகளுக்கு, ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசியே பெரும்பாலும் போதும். லிக்னோகெய்ன் போன்ற மருந்து வலியை மறைத்துவிடும். எலும்பில் துளையிடும் அதிர்வும் அழுத்தமும் மட்டும் தெரியும். இதை முன்கூட்டியே அறிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும். உதடு மரத்திருக்கும் சில மணி நேரத்துக்குச் சூடான டீ வேண்டாம்.

பல் மருத்துவம் என்றாலே உடல் நடுங்குபவர்களும், ஒரே நாளில் பல இம்ப்ளான்ட் வைப்பவர்களும் அரைமயக்கத்தைப் பற்றிக் கேட்கலாம். முழுதாக நினைவிழக்காமல், பயம் தணிந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நிலை அது. மாத்திரையாகவோ நரம்பு (ரத்தக்குழாய்) வழியாகவோ கொடுப்பார்கள். அப்போதும் ஈறில் ஊசி உண்டு. முழு மயக்கம் அரிதாகவே தேவைப்படும்.

நரம்பு வழி மயக்கம் என்றால், தருமபுரியோ ஓசூரோ, எந்த மருத்துவமனையிலும் தயங்காமல் கேளுங்கள்: மயக்க மருந்து கொடுப்பவர் யார்? ஆக்சிஜன் அளவையும் ரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து யார் கவனிப்பார்? தெளிவான பதில் வராவிட்டால் அங்கே செய்துகொள்ள வேண்டாம் என்பேன்.

எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம். சர்க்கரை நோயாளிகள் காலை மாத்திரை, இன்சுலின் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. குறட்டை, மூச்சுத்திணறல், பழைய ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள்.

பென்னாகரம், அரூர் பக்கமிருந்து வருபவர்கள் வயதுவந்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வாருங்கள். அரைமயக்கத்துக்குப் பின் தனியாக பஸ் ஏறக்கூடாது. 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது.